ருசி பார்க்கவும் ஒரு முறை உண்டு

தேத்தண்ணி குடிக்காமல் எங்களில் எத்தனை பேருக்குப் பொழுது விடியும்? முகாமில் வரிசையில் நின்று வாங்கிய பிளேன்டீயை யாரும் மறந்திருக்க மாட்டோம். இத்தனை காலம் குடித்தோமே தவிர, அதை ஒரு நாளாவது ருசி பார்த்திருக்கிறோமா?

கிளிநொச்சிப் பக்கத்துச் சகோதரிகள் சிலருடன் நுவரெலியாவுக்கு இரண்டு நாள் சுற்றுலா போனபோது, ஒரு தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தோம். நீங்களும் போவதென்றால் முதலில் விசாரித்துக்கொண்டு போங்கள். கொழுந்து எடுக்காத நாளுக்கு மறுநாள் இயந்திரங்கள் ஓடாமல் இருக்கலாம்.

மேல்மாடியில் நீண்ட தொட்டிகளில் கொழுந்து வாடுகிறது. பிறகு கீழே உருளைகளில் நசுங்கி, காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகி, சூட்டில் காய்ந்து கறுக்கிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துதான் ஒரு கிலோ தேயிலை ஆகிறது. அவசரப்பட்டு நடக்காமல், ஒவ்வொரு இடத்திலும் நின்று மணந்து பாருங்கள்.

எங்களுடன் வந்த அக்கா ஒருவர் மேல்மாடியை விட்டு இறங்கவேயில்லை. 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. தாயார் கொழுந்து பறித்தவர். “அம்மாட படங்குச் சாக்கில இந்த வாசம்தான். கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு அங்கால நாங்கள் ஒரு நாளும் போனதில்லை” என்றார்.

ருசி பார்க்கும் மேசையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று கிராம் தேயிலைக்குக் கொதித்த நீர் ஊற்றி, மூடி, ஐந்தாறு நிமிடம் விடுகிறார்கள். பாலும் சீனியும் கிடையாது. வெற்றிலையோ உறைப்போ சாப்பிட்ட வாயுடன் போனால் ஒன்றும் பிடிபடாது. முதலில் நிறத்தைப் பாருங்கள். அவிந்த இலையை மணந்து பாருங்கள். பிறகு கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் காற்றோடு கலந்து நாக்கு முழுதும் பரவி, வாசம் மூக்குக்கு ஏறும். எங்கள் ஆட்களுக்குச் சத்தமே வரவில்லை! “சத்தம் போட்டுக் குடிச்சா அம்மா அடிப்பா” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டோம். அதன் பிறகு நன்றாகவே உறிஞ்சினார்கள்.

பைக்கற்றில் உள்ள பி.ஓ.பி., டஸ்ட் போன்ற பெயர்கள் இலையின் அளவைத்தான் சொல்கின்றன. தூள் என்றால் தரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். சாயம் விரைவாக இறங்கும், அவ்வளவுதான். ருசியைப் பெரிதும் மாற்றுவது மலையின் உயரமும் பருவமும். 4000 அடிக்கு மேலே விளைவது மென்னிறம், நல்ல வாசம். 2000 அடிக்குக் கீழே விளைவது கருஞ்சாயம், கடுப்பு. ஆகவே மென்மையானதில் தொடங்கிக் கடுமையானதில் முடியுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு யூலை முதல் செப்டெம்பர் வரையும், நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரையும் நல்ல பருவம்.

போக வசதியில்லாதவர்கள் கடையில் இரண்டு விதச் சிறு பைக்கற்றுகள் வாங்கி, வீட்டிலேயே அருகருகே ஊற்றிப் பார்க்கலாம். மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் மட்டும் தேயிலையை வைக்காதீர்கள்; எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும்.

ருசி பார்ப்பவர்கள் ஒவ்வொரு வாயையும் துப்பிவிடுவார்கள். ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் பார்ப்பவர்களுக்கு வேறு வழியில்லை. எங்களுக்கும் ஒரு பாத்திரம் தந்தார்கள். அந்த அக்கா அதைத் தள்ளி வைத்துவிட்டு, நான்கு கோப்பையையும் குடித்து முடித்தார்.