ட்ரோன் கமரா வாங்கப் போகிறீர்களா? தாளில் உள்ள எண்களும் தாளில் இல்லாத கேள்விகளும்

இன்று வடக்கிலும் கிழக்கிலும் கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, கோயில் தேர் என எதை எடுத்துக்கொண்டாலும் தலைக்கு மேலே நின்று படம் பிடிக்கும் ட்ரோன் கமராவைக் காண்கிறோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் ஊர்க் கலியாணத்தைக் கைத்தொலைபேசியில் பார்க்க விரும்புவதால் இதற்கான கேள்வியும் கூடியிருக்கிறது. சுயதொழில் செய்யும் பெண்களும் இப்போது இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியுள்ளனர்.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் பணியாற்றும் கிராமமொன்றில் ஐந்து பெண்கள் ஒரு குழுவாக இயங்குகிறார்கள். மணவறைச் சோடனை, கேக், படப்பிடிப்பு ஆகிய மூன்றும் அவர்களது தொழில். ஐவரில் மூவர் தனியே குடும்பத்தைத் தாங்குபவர்கள். ட்ரோன் ஒன்று வாங்குவதற்காகக் கடையொன்றிலிருந்து மூன்று மாதிரிகளின் விபரத்தாள்களை எடுத்து வந்து என்முன் வைத்தார்கள். டி.ஜே.ஐ. நிறுவனத்தின் மினி 2 எஸ்.இ., மினி 3, மினி 4 புரோ என்பன அவை.

"மிஸ், இதில எது நல்லது?" என்று கேட்டார் படம் பிடிக்கத் தெரிந்த சகோதரி.

என்ன வேலைக்கு என்று தெரியாமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. எனவே தாள்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு கலியாண நாளில் ட்ரோன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் எழுதினோம். மாப்பிள்ளை அழைப்பு, கோயில் வீதி, மண்டபத்தின் முகப்பு, மாலை வரவேற்பு, பொம்பிளை மாப்பிள்ளை வயல்வரம்பில் நடந்து வரும் காட்சி. இவ்வளவுதான். அதன் பின்னரே எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அன்று பேசியவற்றை, இதே யோசனையுடன் இருக்கும் ஏனைய சகோதரிகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

பறக்கும் நேரம்

மினி 2 எஸ்.இ. 31 நிமிடம், மினி 3 38 நிமிடம், மினி 4 புரோ 34 நிமிடம் பறக்கும் எனத் தாள்கள் சொல்கின்றன. இவை பொய்யான எண்கள் அல்ல. ஆனால் காற்றில்லாத இடத்தில், சீரான வேகத்தில், பற்றரி முழுவதும் தீரும்வரை பறக்கவிட்டு அளந்தவை. நாம் அப்படிப் பறக்கவிட முடியாது. காற்றில் கால்பங்கு மீதம் இருக்கும்போதே இறக்கிவிடுவது பாதுகாப்பு. அப்படியானால் 31 நிமிடம் 23 நிமிடமாகிறது. எதிர்க்காற்று இருந்தால் அதுவும் குறையும்.

ஆகவே ஒரு பற்றரியுடன் வரும் விலையுயர்ந்த கருவியைவிட, மூன்று பற்றரியுடன் வரும் நடுத்தரக் கருவி கலியாண வீட்டுக்கு உதவும். விலையை ஒப்பிடும்போது கருவியின் விலையை மட்டும் ஒப்பிடாமல், மூன்று பற்றரி, சார்ஜர், மேலதிக விசிறிகள், மெமரி காட் எல்லாம் சேர்ந்த தொகையை ஒப்பிட வேண்டும். பற்றரி காலப்போக்கில் பலம் குன்றும். எனவே ஒரு பற்றரியைத் தனியே வாங்க என்ன விலை, அது எங்கே கிடைக்கும் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வெப்பநிலை. மூன்று தாள்களிலும் 40 பாகை செல்சியஸ் என மேல் எல்லை குறிக்கப்பட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் வைத்த பை இந்த எல்லையை இலகுவில் தாண்டிவிடும். பற்றரி ஊதியிருந்தால் அதை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது.

படத்தின் தரம்

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது '4கே' என்ற சொல். அது படத்தில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதை மட்டுமே சொல்கிறது: 3840க்கு 2160. வெளிச்சம் குறைந்த நேரத்தில் படம் எப்படி இருக்கும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வன சென்சரின் அளவும் லென்ஸின் திறப்பும் ஆகும்.

சென்சரின் அளவைப் பின்னத்தில் எழுதுகிறார்கள். மினி 2 எஸ்.இ.யில் 1/2.3 அங்குலம், மினி 3இலும் மினி 4 புரோவிலும் 1/1.3 அங்குலம். கீழே உள்ள எண் சிறிதானால் சென்சர் பெரிது. இங்கு பரப்பளவு இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. லென்ஸின் திறப்பும் அப்படித்தான்: எஃப் 2.8ஐ விட எஃப் 1.7 கூடிய வெளிச்சத்தை உள்ளே விடும். மாலை வரவேற்பை எடுக்க வேண்டியவருக்கு இந்த இரண்டு எண்களும்தான் முக்கியம். 2024இல் வந்த மினி 4கே என்ற மாதிரி 4கே வீடியோ எடுக்கும். ஆனால் அதன் சென்சர் மினி 2 எஸ்.இ.யில் உள்ள அதே அளவுதான். பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர் இருட்டத் தொடங்கியதும் வித்தியாசத்தை உணர்வார்.

'மெகாபிக்சல்' விடயத்திலும் அவசரப்படத் தேவையில்லை. மினி 3இன் 12 மெகாபிக்சல் படம், அச்சில் 13க்கு 10 அங்குலம் வரை தெளிவாக வரும். கலியாண அல்பத்துக்கு அது போதுமானது. 48 மெகாபிக்சலுக்கு மேலதிகமாகப் பணம் கொடுக்குமுன், அந்த அளவில் படம் கேட்கும் வாடிக்கையாளர் உங்களிடம் உண்டா என்று பாருங்கள்.

மிக மலிவாக விற்கும் பெயர் தெரியாத ட்ரோன்களிலும் '4கே' என்று எழுதியிருக்கும். அவற்றில் கமராவை ஆடாமல் வைத்திருக்கும் 'கிம்பல்' என்ற பொறி மூன்று அச்சிலும் உள்ளதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சிறு காற்றுக்கும் படம் நடுங்கும். அதை வாடிக்கையாளரிடம் கொடுக்க முடியாது.

காற்று, தூரம், மரங்கள்

காற்றைத் தாங்கும் திறன் மூன்று தாள்களிலும் ஒன்றே: செக்கனுக்கு 10.7 மீற்றர். மணித்தியாலத்துக்குச் சுமார் 38 கிலோமீற்றர். சோளகக் காற்றை நாம் அறிவோம். மன்னாரில் 2020இல் காற்றாலைப் பண்ணை அமைந்ததே இப்பகுதியின் காற்றுக்குச் சாட்சி. போகும்போது காற்றோடு இலகுவாகப் போய்விடும் கருவி, திரும்பி வரும்போது எதிர்த்து வரமுடியாமல் வயலுக்குள் விழும். எனவே முதலில் காற்றுக்கு எதிராக அனுப்பி, காற்றோடு திருப்பி எடுப்பதே புத்தி. தைப்பொங்கல் காலத்தில் பட்ட நூல்களையும் கவனிக்க வேண்டும்.

தூரத்தைப் பொறுத்தவரை 10 கிலோமீற்றர், 20 கிலோமீற்றர் என்றெல்லாம் எழுதியிருக்கும். தடையில்லாத வெளியில் அளந்தவை அவை. நாமோ ட்ரோனைக் கண்ணால் பார்த்தபடியே பறக்கவிட வேண்டியவர்கள். இவ்வளவு சிறிய கருவி சில நூறு மீற்றர் போனாலே கண்ணுக்குத் தெரியாது. தூரத்துக்காக ஒரு ரூபாவும் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

மரங்களோ வேறு கதை. மினி 4 புரோவுக்கு எல்லாத் திசையிலும் தடையை உணரும் கண்கள் உண்டு. மற்ற இரண்டுக்கும் கீழ்ப்புறம் மட்டுமே உண்டு. பழகாதவர் கைக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் மெல்லிய மின்கம்பியை எந்தக் கண்ணும் நம்பகமாகக் காணாது. தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கலாம். பனை 30 மீற்றர் வரை வளரும் என்பதால் அந்த உயரம் அதற்கும் மேலே இருக்க வேண்டும்.

249 கிராமும் சட்டமும்

மூன்று கருவிகளும் 249 கிராமுக்கு மேற்படாதவை. ஏன் இந்த எண்? அமெரிக்கா போன்ற நாடுகளில் 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுவோர் அதைப் பதிவுசெய்யத் தேவையில்லை. அந்தச் சட்டங்களைப் பார்த்துச் செய்யப்பட்ட எடை இது. அங்கும் தொழிலுக்கென்றால் பதிவு வேண்டும். எனவே "இது சின்னன், அனுமதி தேவையில்லை" என்று கடையில் சொன்னால் அதை நம்பி வாங்காதீர்கள்.

இலங்கையில் ட்ரோன் பறப்பை ஒழுங்குபடுத்துவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதாயின் பாதுகாப்பு அமைச்சு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஆகியவற்றின் அனுமதியும் இதில் சம்பந்தப்படுகிறது. கனடாவிலிருந்து தம்பி அனுப்புவார், அண்ணா கொண்டுவருவார் என்று எண்ணுபவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும். உள்ளூரில் வாங்கினால் முறையாக வந்த கருவி என்பதற்கான ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். பலாலி விமான நிலையத்தை அண்டிய பகுதி, படைமுகாம்களை அண்டிய பகுதி என்பன எமது கிராமங்களுக்கு அருகிலேயே உள்ளன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் ட்ரோன் பறக்கவிடுவதே நாடு முழுவதும் இடைநிறுத்தப்பட்டதையும் மறக்கக்கூடாது. ஒரே உத்தரவில் நின்றுபோகக்கூடிய தொழில் இது.

தாளில் இல்லாத வரி: சத்தம்

தாள்களை வாசித்துக்கொண்டிருந்தபோது, குழுவின் மூத்த உறுப்பினரான அம்மா ஒன்று கேட்டார்: "பிள்ளை, இது என்ன மாதிரிச் சத்தம் போடும் எண்டு எழுதியிருக்கே?"

கடைத்தாள்கள் எதிலும் அது எழுதியிருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் சில வகை ட்ரோன்களில் ஒலியின் அளவை அடையாளத்தில் பொறிக்க வேண்டும் என்ற விதி உண்டு. எமது கைக்கு வந்த தாளில் அந்த வரி இல்லை. ஆனால் எமக்குத்தான் அது மிகவும் வேண்டும். யுத்த காலத்தில் வன்னி மக்கள் வேவு விமானத்தை 'வண்டு' என்றே அழைத்தார்கள். வண்டின் இரைச்சல் கேட்டால் பின்னால் எது வரும் என்று குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. யுத்தம் 2009 மேயில் முடிந்தது. எனினும் அந்த இரைச்சலைக் கேட்டால் இன்றும் உடம்பு பதறுவதாகச் சொல்லும் பெண்களை எனது பணியில் சந்திக்கிறேன். "கலியாண வீட்டில மேல அது சுத்தேக்க எனக்குப் பங்கருக்க ஓடோணும் போல கிடக்கு" என்றார் அந்த அம்மா. இதை ஒரு பலவீனமாக யாரும் எண்ணவேண்டாம். அனுபவித்த உடம்பு அப்படித்தான் நினைவு வைத்திருக்கும்.

அதன் பின்னர் குழுவினர் தமக்கென்று மூன்று விதிகளை எழுதினார்கள். பறக்கவிடுவதற்கு முதல்நாளே அயல்வீடுகளுக்குச் சொல்வது. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்த வளவுக்கு மேலே போகாதிருப்பது. கிணற்றடிப் பக்கம் கமராவைத் திருப்பாதிருப்பது. மறைப்பில்லாத கிணற்றில் பெண்கள் குளிக்கும் ஊர்களில் கடைசி விதி எவ்வளவு அவசியம் என்பதை விளக்கத் தேவையில்லை. இதனால் தொழில் கெட்டுப்போகாது. பெண்கள் குழுவொன்றை நம்பி அழைக்க இதுவே காரணமாகும்.

கடன் யார் பெயரில், கருவி யார் கையில்?

கடைசியாகக் கணக்குப் பார்த்தோம். உதாரணத்துக்கு எல்லாம் சேர்த்து 300,000 ரூபா முடிகிறது என்றும், ஒரு நிகழ்வில் செலவுபோக 8,000 ரூபா மிஞ்சுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் திரும்ப 38 நிகழ்வுகள் வேண்டும். வட்டி இதற்கு வெளியே. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. ஆனால் கிழமைக் கடன் கட்டணம் மாதம் பார்த்து நிற்பதில்லை. திருப்பிக்கட்ட முடியாமற்போன பெண்களின் 100,000 ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்ததை நாம் கண்டோம். அந்த நிலைக்கு மீண்டும் போகக்கூடாது.

பெண்ணின் பெயரில் கடன், தம்பியின் கையில் றிமோட் என்ற நிலையையும் பல இடங்களில் பார்க்கிறேன். கருவியை இயக்கத் தெரிந்தவருக்கே அதன் வருமானத்தில் சொல்லும் உண்டு. ஆகவே இருவராவது பறக்கவிடப் பழகிய பின்னரே வாங்குவது நல்லது.

எங்கள் குழு இப்போதைக்குக் கடன் எடுக்கவில்லை. இந்தக் கலியாணக் காலத்தில் அனுமதியுடன் தொழில் செய்யும் ஒருவரை நிகழ்வுக்கு நிகழ்வு கூலிக்கு அமர்த்தி, எத்தனைபேர் கேட்கிறார்கள் என்று எழுதி வருகிறார்கள். இரு சகோதரிகள் அவரிடமே பழகுகிறார்கள். எண்ணிக்கை சரிவந்தால் பெரிய சென்சரும் மூன்று பற்றரியும் கொண்ட நடுத்தர மாதிரியை, சீட்டுக்காசில் வாங்குவதென்று தீர்மானம்.

சகோதரிகளே, புதிய மாதிரிகள் இன்னும் வரும்; எண்கள் இன்னும் பெரிதாகும். எதைப் பார்த்தாலும் ஒரு கொப்பியில் இரண்டு நிரல் இடுங்கள். ஒன்றில் தாள் சொல்வதை எழுதுங்கள். மற்றதில் உங்கள் வேலைக்கு வேண்டியதை எழுதுங்கள். அனுமதி, பற்றரி, திருத்துமிடம், சத்தம், அயலவர், கடன் ஆகிய ஆறும் தாளில் இராது. அவற்றை நீங்களே எழுதிச் சேருங்கள். அந்த நிரல் நிரம்பும்வரை கையொப்பம் இடாதீர்கள்.