கேக் மேல இருக்கற ‘செர்ரி’யும் அதோட காட்டுத் தங்கச்சியும்

பேக்கரியில கேக் மேல சிவப்பா ஒரு செர்ரி உட்கார்ந்திருக்கும் இல்லையா? நம்ம ஊர்ல பல நேரம் அது செர்ரியே கிடையாது. விதை எடுத்து, சர்க்கரைப் பாகுல ஊறவச்சு, சிவப்புச் சாயம் ஏத்தின களாக்காய்!

அது பெருங்களா. தோட்டத்துல வளர்க்கறது. அதுக்குக் காட்டுல ஒரு தங்கச்சி உண்டு. பேரு சிறுகளா. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறோம். வீட்டுல குட்டீஸ் இருந்தா கூப்பிட்டுக்கோங்க.

போன கோடையில எட்டு வயசு அக்கா மகளோட புதுக்கோட்டைப் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். ஒரு முள்ளுப் புதர்ல கறுப்பா, பட்டாணி அளவுக்குப் பழங்கள். “மாமா, இதைச் சாப்பிடலாமா?”னு கேட்டா. எனக்கு உறுதியாத் தெரியல. போனை எடுத்து ஆப்ல படம் பிடிச்சேன். எங்க அம்மா சிரிச்சுட்டாங்க. “போன் சொல்லுதுன்னு வாயில போடுவியா? செடியைப் பாருடா.”

அம்மா ஒவ்வொண்ணா காட்டினாங்க. இலைகள் எதிரெதிரா, ஜோடி ஜோடியா இருக்கும். கூர்மையான முள், சில இடத்துல ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். பூ மல்லி மாதிரி வெள்ளையா, வாசமா, அஞ்சு இதழோட இருக்கும். காய் பச்சையில ஆரம்பிச்சு, சிவந்து, கடைசியில கறுக்கும். பச்சைக் காயைக் கிள்ளினா பிசுபிசுன்னு வெள்ளைப் பால் வரும். நல்லாக் கறுத்ததுதான் தின்ன ருசி. புளிப்பு குறைஞ்சு இனிப்பு ஏறியிருக்கும்.

இங்கதான் கவனம் வேணும். அரளியும் களாவும் ஒரே தாவரக் குடும்பம். அரளியில வேர்லேர்ந்து விதை வரைக்கும் விஷம். களா மாதிரியே அதுலயும் பால் வரும். அதனால ஒரே ஒரு அடையாளத்தை வச்சு எந்தச் செடியையும் முடிவு பண்ணக்கூடாது. இலை, முள், பூ, காய், எல்லாம் பொருந்தணும். குழந்தைங்களுக்கு அம்மா சொன்ன சட்டம் இன்னும் சுலபம்: “தெரிஞ்ச பெரியவங்க முதல்ல தின்னணும். அப்புறம்தான் நீ.”

சரி, பழத்தை இனிப்பா வச்சுட்டு எதுக்கு முள்ளு? இலையை ஆடு மேயாம இருக்க முள்ளு. இனிப்பு பறவைக்கு. கொண்டைக்குருவி பழத்தை முழுங்கிட்டு எங்கேயோ போய் எச்சம் போடும். விதைக்கு இலவசப் பயணம்! இன்னொண்ணும் இருக்கு. அந்த முள்ளுக்குள்ள விழற மத்த மரங்களோட விதைகளும் ஆட்டு வாய்க்குத் தப்பி வளருது. ஒரு முள்ளுப் புதர், குட்டி மரங்களுக்குத் தொட்டில் மாதிரி.

சென்னையில இருக்கறவங்க ரொம்ப தூரம் போக வேண்டாம். 1978ல் தேசியப் பூங்காவான கிண்டிக் காட்டுலயே சிறுகளா இருக்கு. ஆனா அங்க பறிக்கக்கூடாது, பார்க்க மட்டும்தான்.

பறிச்சுத் தின்னக் கூடிய புதர்கள் ஊர் ஓரத்துப் பொட்டல்ல இருக்கு. அதுக்குத்தான் இப்ப ஆபத்து. இந்த வருஷம் ஊருக்குப் போனா, நாங்க பார்த்த புதர் அங்க இல்ல. ‘சும்மா முள்ளுக்காடு’ன்னு ஜேசிபி வச்சு வழிச்சுட்டு, மனைக்கல் நட்டிருந்தாங்க. அக்கா மகள் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

அப்புறம் அம்மா அவளை வேலியோரம் கூட்டிட்டுப் போனாங்க. போன வருஷம் தின்னு துப்பின விதைகளை அன்னைக்கே அங்க ஊன்றியிருக்காங்க. களா விதை காய்ஞ்சு நாளானா முளைக்காதாம், உடனே போடணுமாம். மூணு செடி வந்திருக்கு, விரல் நீளத்துக்கு.

“இது எப்ப பழுக்கும் அம்மாச்சி?”

“சில வருஷம் ஆகும். அதுவரைக்கும் முள்ளைப் பார்த்துப் பிடுங்கிடாம இரு.”

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட, சின்ன வயசுல எந்தக் காட்டுப் பழம் தின்னீங்கன்னு இன்னைக்கே கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.