வெறும் வாயை மெல்லும் இயந்திரம்

செமோரில் வளர்ந்தவர்களுக்குக் கல் உடைக்கும் சத்தம் புதிதல்ல. வானொலியில் பேசுவது என் தொழில். காது கூர்மை என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. முப்பது ஆண்டுகள் ஒரு குவாரியில் கிரஷர் ஓட்டிய என் மாமாவிடம் அந்தப் பெருமை செல்லாது. போன வாரம் வாசலில் அமர்ந்து தேநீர் குடிக்கும்போது, தூரத்துச் சத்தத்தைக் கேட்டுச் சொன்னார்: "மிஷின் வெறும் வாயை மெல்லுதும்மா. கரண்டு வீண்!"

கிரஷருக்கு உண்மையாகவே தாடை உண்டு. ஒரு தகடு அசையாது. மற்றொன்று முன்னும் பின்னும் அசைந்து கல்லை நெரிக்கும். அமெரிக்கரான எலி விட்னி பிளேக் 1858-இல் காப்புரிமை பெற்ற இயந்திரமும் இந்த வகைதான்.

கல் இல்லாதபோதும் மோட்டார் மின்சாரம் இழுக்கும். அதனால் உற்பத்தியைக் கூட்டப் பெரிய மோட்டார் வாங்குவதற்கு முன், கல் சீராக விழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார் மாமா. சின்னக் கல்லையும் மண்ணையும் முதலிலேயே கம்பிச் சல்லடையில் பிரித்துவிட்டால், உடைக்க வேண்டியது மட்டுமே வாய்க்குள் போகும். தேய்ந்த தகட்டை நேரத்தோடு மாற்ற வேண்டும். அடி இடைவெளியைத் தேவைக்குமேல் குறுக்கினால் உற்பத்தி குறையும், தூள் பெருகும், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும்.

"அப்படியானால் நிறையக் கொட்டினால் போதுமா?" என்றேன். மாமாவின் முகம் மாறியது. அவர் வேலை செய்த இடத்தில் ஒருமுறை, அவசரத்தில் கொட்டிய பெரிய கல் வாயில் சிக்கிக்கொண்டது. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டாமலே அதை எடுக்கப் போன நண்பர் இரண்டு விரல்களை இழந்தார். "அன்னைக்கு லாபம் பார்த்த பத்து நிமிஷம் அது," என்றார்.

இந்தக் கணக்கில் மலையும் இருக்கிறது. நம் செமோரின் கந்தான் சுண்ணாம்புக்கல் மலைக் குகையின் பெயரைத் தாங்கிய ஒரு பல்லி இனத்தை 2014-இல்தான் அறிவியல் உலகம் அறிந்தது. வீடும் சாலையும் கட்டக் கல் வேண்டும்தான். ஆனால் கேட்ட அளவில் உடைக்காமல் தூளாக்கினால், அதே அளவு ஜல்லிக்கு இன்னும் கொஞ்சம் மலையை வெட்ட வேண்டியிருக்கும்.

விடைபெறும்போது அந்தச் சத்தம் கனமாகி, ஒரே சீராகக் கேட்டது. மாமா தலையசைத்தார். "இப்ப சரியா சாப்பிடுது."