கணினியின் வேகமும் வெப்பமும்

மனிதன் ஓடினால் வியர்க்கிறது. இயந்திரம் ஓடினால் சூடேறுகிறது. கணினியும் இவ்விதிக்கு விலக்கன்று. கணினியின் மூளை எனத்தக்க செயலி ஒரு சீரான துடிப்புக்கு இசைந்து தொழிற்படுகிறது. செக்கனுக்குப் பத்து இலட்சம் துடிப்பு என்பது ஒரு மெகாஹேர்ட்ஸ். உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு மேலாக அத்துடிப்பை விரைவுபடுத்துவதையே 'ஓவர்குளொக்கிங்' என்கின்றனர்.

வெலிமடைப் பகுதித் தோட்டமொன்றில், கைமாறி வந்த பழைய மேசைக் கணினியில் பயிலும் மாணவனுக்கு இவ்வித்தை ஆசையூட்டுவது இயல்பே. செலவின்றி வேகம் கிடைக்குமாயின் வேண்டாமென்பார் யார்?

அந்த ஆசைக்கு ஆதாரமும் உண்டு. 1998 ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 'செலரோன் 300ஏ' என்னும் மலிவான செயலியை வெளியிட்டது. அதன் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹேர்ட்ஸ். அதனை நாலரை மடங்காக்கி 300 இல் அது இயங்கியது. அடிப்படையை 100 ஆக உயர்த்தியதும் பல செயலிகள் 450 மெகாஹேர்ட்ஸில் தடையின்றி ஓடின. ஆயினும் எல்லாச் செயலிகளும் இவ்வாறு இணங்குவதில்லை. 2011 இல் வந்த இரண்டாம் தலைமுறைக் 'கோர்' செயலிகளுள், பெயரில் 'கே' என்னும் எழுத்துள்ளவற்றையே பெரிதும் உயர்த்தலாம்.

வேகத்துக்கு விலை வெப்பம். துடிப்பு கூடும் அளவுக்கு வெப்பமும் கூடும். மின்னழுத்தத்தைக் கூட்டினாலோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். துடிப்பை 20 வீதமும் அழுத்தத்தை 10 வீதமும் உயர்த்தினால் வெப்பம் ஏறத்தாழ 45 வீதம் மிகும். வெப்பம் எல்லை மீறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். விரைவை நாடியவனுக்கு மந்தமே மிஞ்சும்.

"எங்கள் ஊர் குளிரூர் அல்லவா?" என நேயர்கள் கேட்கலாம். அறை ஒரு பாகை குளிர்ந்தால் செயலியும் ஏறத்தாழ ஒரு பாகை குளிரும் என்பது உண்மையே. ஆனால் ஆயிரம் மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி தள்ளும் காற்று சுமந்து செல்லும் வெப்பமும் அதற்கேற்பக் குறையும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியை நினைத்துப் பாருங்கள். கொழுந்தைத் தடிப்பாகப் பரப்பினால் விசிறி சுழன்றும் காற்று ஊடுருவாது. செயலியின்மேல் அமைந்த அலுமினியத் தகடுகளுக்கிடையே தூசி அடைத்தாலும் அதே கதிதான்.

ஆகவே முதற்பணி துப்புரவு. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, மென்தூரிகையால் தூசியை அகற்றுக. செயலிக்கும் தகட்டுக்கும் இடையே உலர்ந்துபோன பசையைத் துடைத்து, பட்டாணியளவு புதுப்பசை இடுக. இவ்வளவிலேயே, வெப்பத்தால் தளர்ந்திருந்த கணினி இழந்த வேகத்தை மீளப் பெறக்கூடும்.

அதன் பின்னும் உயர்த்த விரும்புவோர், மின்னழுத்தத்தைத் தொடாது, துடிப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் நெடுநேரம் சோதிக்க வேண்டும். கணினி உறைந்து நின்றால் ஒரு படி இறங்குவதே அறிவு. அளவு மீறிய துடிப்பில் கணக்குப் பிழைக்கலாம், கோப்புகள் சிதையலாம். பரீட்சைக்குச் சேர்த்த குறிப்புகளை முன்னரே வேறிடத்தில் பிரதிசெய்து வைப்பது நன்று. சில மெகாஹேர்ட்ஸுக்காக ஓராண்டு உழைப்பைப் பணயம் வைப்பது இலாபமாகாது.