தோட்டத்து நத்தையும் வளர்ப்பு நாயும்

பூங்கா நகரம் எனப் புகழ்பெற்ற பெங்களூருவில், மழைக்காலம் தொடங்கியதும் தோட்டங்களிலும் மதிற்சுவர்களிலும் பெரிய நத்தைகள் ஊர்வதைக் காணலாம். பழுப்பு நிறக் கூம்பு வடிவ ஓடுடைய இவை ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் ஆகும். கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவ்வினம், 1847ஆம் ஆண்டில் மொரீசியசிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. இரவில் வெளிவந்து இலை, தளிர், காய் ஆகியவற்றைத் தின்று அழிக்கும் இந்நத்தையால், வீட்டு நாய்க்கும் இருவகைத் தீங்கு நேரலாம்.

முதலாவது, எலி நுரையீரல் புழு. எலியின் உடலில் வாழும் இப்புழுவின் இளம்புழுக்கள், எலியின் கழிவு வழியே வெளியேறுகின்றன. அக்கழிவைத் தின்னும் நத்தையின் உடலில் அவை வளர்கின்றன. அந்நத்தையை நாய்க்குட்டி கடித்து உண்டால், இளம்புழுக்கள் அதன் தண்டுவடத்தையும் மூளையையும் அடைகின்றன. அதனால் பின்னங்கால்கள் தளரும். முதுகைத் தொட்டாலே குட்டி வலியால் துடிக்கும். எல்லா நத்தைகளிலும் இப்புழு இருப்பதில்லை. எனினும், எதில் உள்ளது என்பதைக் கண்ணால் அறிய இயலாது.

இரண்டாவது, நத்தையை ஒழிக்க நாமே இடும் நஞ்சு. மெட்டால்டிஹைடு என்னும் வேதிப்பொருள் கலந்த குருணைகளில், நத்தையை ஈர்ப்பதற்காகத் தவிடு போன்ற உணவுப்பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. ஆகவே, நாயும் அவற்றை உணவெனக் கருதி உண்கிறது. சில மணி நேரத்திற்குள் எச்சில் வடிதல், நடுக்கம், வலிப்பு ஆகியன தோன்றும், உடல் வெப்பம் உயரும், உயிரும் பிரியக்கூடும். இந்நஞ்சை முறிக்கத் தனி மருந்து இல்லை. எனவே, காலம் தாழ்த்தாது நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். குருணை இருந்த உறையையும் உடன் எடுத்துச் செல்வது நன்று.

நஞ்சின்றியும் நத்தைகளைக் கட்டுப்படுத்தலாம். மாலையில் தோட்டத்தில் ஈரச் சாக்கையும், அதனடியில் பப்பாளி இலைகளையும் இட்டு வைத்தால், நத்தைகள் அங்கு வந்து கூடும். காலையில் கையுறை அணிந்து அவற்றைப் பொறுக்கி, உப்பு நீரில் இட்டு அழிக்கலாம். இப்புழு மனிதரின் மூளை உறையிலும் அழற்சியை உண்டாக்கும் என்பதால், வெறுங்கையால் நத்தையைத் தொடலாகாது. தோட்டத்துக் கீரையையும் காய்களையும் நன்கு கழுவியே உண்ண வேண்டும்.

எது உணவு, எது நஞ்சு எனப் பிரித்தறிய நாயால் இயலாது. அதனைத் தோட்டத்தில் விடும் முன், அங்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பது நம் கடமையாகும்.