ஒரே ஒரு பாயிண்ட்! போலந்து மண்ணில் போலந்தை வீழ்த்திய டென்மார்க்
பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் நடந்த அதிசயம்

பிரேக் கிடையாது. கியர் ஒன்றே ஒன்று. ஹெட்லைட், ஹாரன் என்ற பேச்சே இல்லை. பெட்ரோல் ஊற்றினால் ஓடாது, மெத்தனால்தான் ஊற்ற வேண்டும். 500 சி.சி. இன்ஜின், ஒற்றை சிலிண்டர். மொத்த எடை 80 கிலோவைத் தொட்டால் அதிகம்.

இப்படி ஒரு வண்டி ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ லைன் முடிந்து வெளியே வந்தால் என்ன ஆகும்? இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறவர் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரத்தில் நிறுத்தி விடுவார். “யாருப்பா இதை ஓகே பண்ணினது?” என்று ஷிப்ட் முழுக்க விசாரணை நடக்கும்.

ஆனால் இதே வண்டிக்காக ஐரோப்பாவில் ஊர் ஊராகப் பைத்தியம் பிடித்து அலைகிறார்கள். பந்தயத்துக்குப் பெயர் ‘ஸ்பீட்வே’. பைத்தியம் முற்றிப்போன நாடு போலந்து. அந்தப் போலந்தை, அதன் சொந்த மண்ணில், சொந்த ஜனங்களின் கண் முன்னால், ஒரே ஒரு பாயிண்டில் டென்மார்க் மண்ணைக் கவ்வ வைத்தது. நடந்தது 2014-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி. ஊர் பிட்கோஷ்.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை எத்தனை பேர் மோட்டார் சைக்கிள், டயர், உதிரி பாகம் என்று பிழைக்கிறோம்! நமக்குத் தெரியாமல் இருக்கலாமா இந்தக் கதை?

நாலு பேர், நாலு சுற்று

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடலை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் திடல் அது. அதற்கு முன்னால் சோழவரம் பழைய விமான தளத்தில்தான் பந்தயம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோ மீட்டர். தார் போட்ட பாதை. வலது, இடது என்று வளைவுகள்.

ஸ்பீட்வே அப்படி இல்லை. சைக்கிள் பழகுகிற மைதானம் போல ஒரு முட்டை வடிவப் பாதை. மண் பாதை. ஒரு சுற்று சுமார் 350 மீட்டர். மொத்தம் நாலே நாலு சுற்று. கூட்டிப் பார்த்தால் 1,400 மீட்டர். இருங்காட்டுக்கோட்டையின் ஒரு சுற்றில் பாதி கூட வராது! ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்து விடும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தால் பந்தயத்தைக் கோட்டை விட்டு விடலாம்.

ஒரு தடவைக்கு நாலு பேர். குறுக்கே கட்டிய நாடா மேலே எகிறும். அவ்வளவுதான், பிய்த்துக்கொண்டு கிளம்புவார்கள். நாடாவைத் தொட்டவன் அவுட். எப்போதும் இடது பக்கம்தான் வளைய வேண்டும்.

வளைகிற விதம்தான் வேடிக்கை. இடது பக்கம் வளைய, ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்புகிறார்கள்! பின் சக்கரம் மண்ணில் வழுக்கி வெளியே போகும். வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே வளைவைச் சுற்றி வரும். இடது காலில் இரும்பு லாடம் அடித்த பூட்ஸ். அதைத் தரையில் தேய்த்துக்கொண்டு பேலன்ஸ் செய்வார்கள். மழைக்காலத்தில் சர்வீஸ் ரோட்டில் நாம் எதைத் தெரியாமல் செய்து முட்டியைப் பேர்த்துக்கொள்கிறோமோ, அதை இவர்கள் தெரிந்தே செய்கிறார்கள்.

முதலில் வந்தவனுக்கு 3 பாயிண்ட். அடுத்தவனுக்கு 2. மூன்றாவதுக்கு 1. கடைசிக்கு முட்டை.

இதில்தான் சூட்சுமம். டீம் போட்டி என்றால் எல்லோருடைய பாயிண்டும் ஒரே கணக்கில் ஏறும். முதல் இடத்துக்கு நடக்கிற சண்டையைப் போலவே, மூன்றாவது இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நடக்கிற சண்டையும் முக்கியம். பின்னால் வருகிறவர்தானே என்று யாரையும் அலட்சியம் பண்ண முடியாது. அவர் கொண்டு வரும் ஒரு பாயிண்ட் கோப்பையையே கொண்டு வரும்.

மண்ணைத் தயார் செய்கிறவன் ராஜா

வெளியூரில் போய் ஜெயிப்பது எந்த ஆட்டத்திலும் கஷ்டம். ஸ்பீட்வேயில் ரொம்பவே கஷ்டம். காரணம், பாதை.

போலந்துக்காரர்கள் இந்த ஆட்டத்தை ‘ஜூஜெல்’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உலையில் மிஞ்சும் சிட்டம். அந்தக் காலத்தில் கரி எரிந்து மிஞ்சிய கட்டியை இடித்துப் பாதையில் கொட்டினார்களாம். இப்போது கருங்கல் துகளும் மண்ணும் கலந்து போடுகிறார்கள். நம்மூர் ஜல்லி கிரஷரில் விழுகிற தூளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதில் தண்ணீர் எவ்வளவு தெளிப்பது, எந்த வளைவில் மண்ணை மேலே ஏற்றி வைப்பது, எங்கே அமுக்கி விடுவது என்பதெல்லாம் பாதையைப் பராமரிக்கிறவர்கள் கையில். தண்ணீர் கூடினால் ஒரு மாதிரி, காய்ந்தால் ஒரு மாதிரி. உள் ஓரத்தில் பிடிப்பு இருக்கிறதா, வெளி ஓரத்திலா? அங்கே பிறந்து வளர்ந்த பையனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். வந்தவனுக்கு ரெண்டு ரவுண்டு ஓட்டித் தோற்ற பிறகுதான் தெரியும். அதற்குள் நாலு பாயிண்ட் போயிருக்கும்.

வண்டியில் கியர் மாற்ற வழி இல்லை என்பதால் பின் சக்கர ஸ்பிராக்கெட்டைத்தான் மாற்ற வேண்டும். ஒரு பல் கூட்டலாமா, குறைக்கலாமா? ரவுண்டுக்கு ரவுண்டு மெக்கானிக் மூளையைக் கசக்குவார். ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கணக்கு தப்பினால் ஸ்டார்ட்டிலேயே பின்தங்கி விடுவார். கூட்டம் பார்ப்பது ஓட்டுகிறவரை. பந்தயத்தைத் தூக்கி நிறுத்துவது பல நேரம் கிரீஸ் கை ஆசாமிதான். ஒரகடத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியது இல்லை.

போலந்தின் உள்ளூர் பலம் எப்பேர்ப்பட்டது தெரியுமா? உலகக் கோப்பை இறுதிப் போட்டி 2005-ல் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரத்தில் நடந்தது. போலந்து ஜெயித்தது. 2007-ல் லெஷ்னோ. போலந்து. 2009-ல் மறுபடி லெஷ்னோ. போலந்து. 2011-ல் கோஷூஃப். அப்போதும் போலந்தே! 2005 முதல் 2011 வரை சொந்த மண்ணில் நாலு பைனல், நாலிலும் கோப்பை.

பழைய பாக்கி

டென்மார்க்குக்கும் போலந்துக்கும் இடையே கணக்கு வேறு பாக்கி இருந்தது.

2010-ல் இறுதிப் போட்டி டென்மார்க்கின் வோயன்ஸ் ஊரில். அதில் போலந்து வந்து, விருந்து சாப்பிட்ட வீட்டிலேயே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் விட்டது. 2012-ல் டென்மார்க் ஸ்வீடனுக்குப் போய் மாலிலா ஊரில் ஜெயித்து ஆறுதல் தேடிக்கொண்டது. 2013-ல் செக் நாட்டுத் தலைநகர் பிராகில் பைனல். போலந்து 41, டென்மார்க் 40. ஒரு பாயிண்டில் நழுவியது கோப்பை. அந்த ராத்திரி டென்மார்க்காரர்களுக்குத் தூக்கம் வந்திருக்குமா?

அடுத்த வருஷம் பைனல் பிட்கோஷில். அது 2010-ம் ஆண்டு உலக சாம்பியன் தோமாஷ் கோலோப்பின் ஊர். போட்டி நடத்துகிற நாடு என்பதால் போலந்து நேராக பைனலில். மற்ற மூன்று அணிகள் டென்மார்க், ஆஸ்திரேலியா, பிரிட்டன்.

போலந்து அணியில் ஹாம்பெல், காஸ்ப்ஷாக் போன்ற சூரர்கள். ஹாம்பெல் தனி நபர் உலகப் போட்டியில் இரண்டு தடவை இரண்டாம் இடம் பிடித்தவர். காஸ்ப்ஷாக் அந்த வருஷமே இரண்டாம் இடம் பிடித்தார். போலந்து ஜனத்தொகை அப்போது சுமார் 3 கோடியே 80 லட்சம். டென்மார்க் ஜனத்தொகை சுமார் 56 லட்சம். நம்ம சென்னையைப் புறநகரோடு சேர்த்து எண்ணினால் டென்மார்க் நாடே அதற்குள் அடங்கி விடும்.

டென்மார்க்கின் துருப்புச் சீட்டு நிக்கி பெடர்சன். அப்போது வயது 37. 2003, 2007, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலக சாம்பியன். முரட்டு ஆசாமி. வளைவில் இடம் கொடுக்க மாட்டார். வெளியூர்க் கூட்டம் இவருக்குக் கை தட்டுவதை விட ஊளையிடுவதுதான் வழக்கம். அவருக்குத் துணை நீல்ஸ் கிறிஸ்டியன் இவர்சன். 2013 உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றவர். மற்றவர்கள் அந்த அளவுக்குப் பெயர் எடுத்தவர்கள் இல்லை.

ஆனால் ஒரு விஷயம். இந்த டென்மார்க்காரர்கள் போலந்துக்குப் புதியவர்கள் அல்ல. உலகத்திலேயே நல்ல சம்பளம் தருவது போலந்து கிளப்புகள்தான். அதனால் பல நாட்டு வீரர்களும் வாரா வாரம் அங்கே போய் ஓட்டுகிறார்கள். இவர்சன் கோஷூஃப் கிளப்புக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒடிசாவில் இருந்து ஒரகடத்துக்கு வந்து நாலு வருஷம் வேலை பார்த்த பையனுக்கு, எந்தச் சந்தில் நுழைந்தால் எந்த கம்பெனி கேட்டுக்குப் போகலாம் என்று நம்மை விட நன்றாகத் தெரிகிறதே, அதே கதைதான். சம்பளம் கொடுத்து, பாதையையும் பழக்கிக் கொடுத்தது போலந்தே!

38... 37... 36...

மொத்தம் 20 ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்திலும் நாட்டுக்கு ஒருவர். ஹெல்மெட் நிறத்தை வைத்துத்தான் யார் எந்த நாடு என்று கண்டுபிடிக்க வேண்டும். நல்ல வேளை. கொடியை நம்பினால் ஆபத்து. போலந்துக் கொடியும் சிவப்பு வெள்ளை, டென்மார்க் கொடியும் சிவப்பு வெள்ளை.

பிரிட்டன் பின்தங்கி விட்டது. மற்ற மூன்றும் கடைசி வரை கட்டிப் புரண்டன. முடிவு:

டென்மார்க் 38. போலந்து 37. ஆஸ்திரேலியா 36.

கணக்குப்பிள்ளைகள் கொஞ்சம் பென்சிலை எடுங்கள். 20 ஓட்டங்களில் ஏதாவது ஒன்றில், டென்மார்க் வீரருக்குப் பின்னால் வந்த போலந்து வீரர் கடைசி வளைவில் அவரை முந்தியிருந்தால்? டென்மார்க்குக்கு ஒன்று குறையும், போலந்துக்கு ஒன்று கூடும். போலந்து 38, டென்மார்க் 37. கோப்பை உள்ளூரிலேயே தங்கியிருக்கும்.

இன்னொரு கணக்கு. அதே மாதிரி ஓர் ஆஸ்திரேலியர் ஒரே ஒரு டென்மார்க்காரரை, ஒரே ஒரு தடவை முந்தியிருந்தால்? 37, 37, 37. மூன்று நாடும் சமம்! தலை சுற்றுகிறதா?

ஜெயித்த ஓட்டங்களை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். அந்த ராத்திரி யாரோ ஒருவர், முதல் இடம் கை விட்டுப் போன பிறகும் ஆக்சிலேட்டரைத் தளர்த்தாமல், பின்னால் உறுமிக்கொண்டு வந்தவனைத் தடுத்து ஒரு பாயிண்டைக் காப்பாற்றியிருக்கிறார். அப்படிக் காப்பாற்றிய ஒவ்வொரு பாயிண்டும் கோப்பைக்குச் சமம். ஆனால் எந்தப் பத்திரிகையில் அந்த ஓட்டத்தின் படம் வரும்? கோப்பையைத் தூக்கிப் பிடிக்கிற படம்தான் வரும்.

2013-ல் பிராகில் விட்ட ஒரு பாயிண்டை, வட்டி போடாமல் அப்படியே போலந்தில் வசூல் செய்தது டென்மார்க். 2010-ல் வோயன்ஸில் வாங்கிய அடிக்கும் சேர்த்து!

நம்ம பக்கத்து வண்டியும் மண்ணில்

மண் பாதைப் பந்தயத்துக்கும் நம்ம வட்டாரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்காதீர்கள். ஸ்பீட்வேக்கு அமெரிக்காவில் ‘ஃப்ளாட் டிராக்’ என்று ஒரு பங்காளி உண்டு. அதுவும் முட்டை வடிவ மண் பாதை, அதுவும் இடது பக்கம் வளைகிற சறுக்கல் பந்தயம். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, 2020-ல் அந்த கோதாவில் குதித்தது. 650 சி.சி. வண்டியின் இரட்டை சிலிண்டர் இன்ஜினை எடுத்து, இங்கிலாந்தில் உள்ள ஹாரிஸ் பெர்பாமன்ஸ் கம்பெனி தயாரித்த சட்டத்தில் பூட்டி, ஜானி லூயிஸ் என்ற அமெரிக்க வீரரை ஏற்றி விட்டார்கள். சும்மா கலந்துகொண்டு வரவில்லை, ஜெயித்தும் காட்டினார்கள். ரோட்டில் சாதுவாகப் போகிற வண்டி என்று பெயர் வாங்கியதற்கு அது பெரிய விஷயம்தான்.

இதில் ஒரு தமாஷ். அதே பந்தயத் தொடரின் பெரிய பிரிவில் சக்கைப்போடு போட்ட கம்பெனியின் பெயர் ‘இந்தியன்’. பெயர்தான் இந்தியன், அது அசல் அமெரிக்க கம்பெனி. நம்ம வண்டியின் பெயரோ இங்கிலாந்து ஊர்ப் பெயர்! அறிவிப்பாளர் பாடு திண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும்.

போலந்தைச் சொந்த மண்ணில் வீழ்த்திய டென்மார்க்குக்கு அடுத்த வருஷமே பைனலைத் தன் ஊரில் நடத்துகிற யோகம் கிடைத்தது. 2015 ஜூன் மாதம். அதே வோயன்ஸ். ஊர் ஜனம் திரண்டது. பாதை பழகிய பாதை, மண் சொந்த மண்.

ஜெயித்தது ஸ்வீடன்.