முனையத் திரையில் வண்ண எழுத்துகள்

கோல சிலாங்கூர் மாவட்டத்தின் வழியாகப் பாய்ந்து கடலில் கலக்கிறது சிலாங்கூர் ஆறு. புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் அடைமழை தொடர்ந்தால், ஆற்றின் நீர்மட்டம் எவ்வளவு என்பது முக்கியமான கேள்வியாகிவிடும். வடிகால் நீர்ப்பாசனத் துறை நீர்மட்டத்தை இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாகப் பிரித்துள்ளது. அவற்றை முறையே பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய வண்ணங்களால் காட்டுகிறது. இந்நிலைகளைக் கணினி முனையத்தில் அதே வண்ணங்களில் அச்சிட ஒரு மாணவர் நிரல் எழுத முற்பட்டால், முனையம் இயங்கும் விதத்தை அவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

முனையம் என்பது படங்களோ பொத்தான்களோ இன்றி எழுத்துகளைக் கொண்டே இயங்கும் சாளரம். முன்பு இது தனிக் கருவியாக இருந்தது. கணினி அனுப்பும் எழுத்துகளைக் கம்பி வழியே பெற்றுத் திரையில் காட்டுவதே அதன் வேலை. எழுத்துக்கு ஒரு வழி, கட்டளைக்கு வேறு வழி என்ற பிரிவு அக்கம்பியில் இல்லை. எனவே, அடுத்து வருவது எழுத்தன்று, கட்டளை என்று அறிவிக்க ஓர் அடையாளம் தேவைப்பட்டது. 27 என்ற எண்ணைக் கொண்ட எஸ்கேப் குறியே அந்த அடையாளம். 1978ஆம் ஆண்டு டெக் நிறுவனம் வெளியிட்ட வி.டி.100 முனையம் இம்முறையைப் பரவலாக்கியது. வியப்பு என்னவென்றால், அதன் திரையில் வண்ணமே இல்லை! தடிப்பு, அடிக்கோடு, மினுக்கல் போன்றவற்றைத்தான் அது காட்டியது. இன்றைய மடிக்கணினியில் திறக்கும் முனையச் சாளரமும் அந்தப் பழைய கருவியைப் போலவே நடந்துகொள்கிறது.

எஸ்கேப் குறி, இடப்பக்கச் சதுர அடைப்பு, ஓர் எண், இறுதியில் ‘எம்’ என்னும் சிறிய ஆங்கில எழுத்து. வண்ணக் கட்டளையின் அமைப்பு இவ்வளவே. எண் 31 என்றால் சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள். எண் 1 எழுத்தைத் தடிப்பாக்கும், 4 அடிக்கோடிடும், 5 மினுக்கும். கம்போங் குவாந்தான் மின்மினிகளை இரசித்த கண்களுக்கு மினுக்கல் பிடிக்கலாம். ஆனால், மினுக்கும் சொல்லைப் படிப்பது எரிச்சலூட்டும். சில முனையங்கள் அக்கட்டளையைப் பொருட்படுத்துவதும் இல்லை.

எச்சரிக்கை நிலைக்குரிய செம்மஞ்சள் தொடக்ககால எட்டு வண்ணங்களில் இடம்பெறவில்லை. அதற்கு 256 வண்ண அட்டவணையை நாட வேண்டும். 38, 5, 208 ஆகிய மூன்று எண்களை அரைப்புள்ளியால் பிரித்து எழுதினால் செம்மஞ்சள் கிடைக்கும். வேலை முடிந்ததும் 0 என்ற எண்ணை அனுப்ப மறந்துவிட்டால், பின்னர் வரும் வரிகளும் அதே வண்ணத்தில் தோன்றும். இயல்பு நிலையில் உள்ள ஆறும் அபாயத்தில் இருப்பதுபோல் காட்சியளிக்கும்.

தமிழில் அச்சிடுவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘பு’ நமக்கு ஓர் எழுத்து. ஒருங்குறியில் அது பகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ‘புக்கிட் ரோத்தான்’ என்னும் பெயரில் எட்டு எழுத்துகள் இருக்க, கணினி இடைவெளியையும் சேர்த்து 17 என்று எண்ணும். முதல் குறியீட்டுக்கு மட்டும் வண்ணமிட்டு அங்கேயே கட்டளையைச் செருகினால், உகரக் குறி தன் பகரத்தைப் பிரிந்து தனித்து நிற்கக்கூடும். ஆகவே, முழு எழுத்துக்கோ முழுச் சொல்லுக்கோ வண்ணமிடுவதே முறை.

நிரலின் வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால், வண்ணக் கட்டளைகளும் எழுத்துகளோடு கலந்து பொருளற்ற குறிகளாகப் பதிவாகும். நல்ல நிரல், வெளியீடு முனையத்திற்குச் செல்கிறதா கோப்பிற்குச் செல்கிறதா என்று சோதித்த பின்னரே வண்ணம் சேர்க்கும்.

சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதவர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களுள் ஆண்களே மிகுதி. வெறும் நீர்மட்ட எண்ணை மட்டும் சிவப்பில் அச்சிட்டால், அவர்களுக்கு அது வெறும் எண்தான். அருகில் ‘அபாயம்’ என்ற சொல்லும் இருந்தால், வண்ணம் தெரியாதவரும் உடைமைகளை எடுத்துக்கொண்டு உரிய நேரத்தில் மேட்டுப்பகுதிக்குச் செல்ல முடியும்.